கிழித்தவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்

நேற்றைய சண்டையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு: பாரசீக மன்னர்களின் கதையைச் சொல்லும் ஷாநாமா காவியத்தின் பழைய ஓவியப் புத்தகம் ஒன்றைப் பிரித்து விற்ற டெமோட் என்ற வியாபாரியைப் பற்றிய சண்டை அது. "டெமோட் பிரித்து விற்றதால்தானே இன்று பல ஊர்க்காரர்கள் ஷாநாமா ஓவியங்களைப் பார்க்க முடிகிறது" என்று எழுதினாரே, அவருக்குத்தான் இது.

சரி, அந்தப் புண்ணியவான் என்ன செய்தார்? 1330களில், ஈரானை மங்கோலியர்கள் ஆண்ட காலத்தில் உருவான மாபெரும் ஷாநாமா அது. நாட்டைப் பிடித்த அந்நியர்கள் பழைய பாரசீக மன்னர்களின் வீரத்தை வரையச் சொல்லி, அந்த வரிசையில் தங்களுக்கும் ஓர் இடம் தேடிக்கொண்ட புத்தகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் வியாபாரி ஜார்ஜ் டெமோட்டிடம் வந்தது. மொத்தமாக விலை போகவில்லை. பிரித்தார். இருபுறமும் ஓவியம் இருந்த தாள்களை நடுவே உரித்து இரண்டாக்கினார். உரித்த ஓவியங்களைச் சம்பந்தமில்லாத பாடல்கள் உள்ள தாள்களில் ஒட்டினார்.

இப்போது பாரசீக மன்னன் பஹ்ராம் கூர் டிராகனைக் கொல்லும் ஓவியம் கிளீவ்லாந்தில். கொம்பு முளைத்த ஓநாயோடு மோதுவது ஹார்வர்டில். இஸ்கந்தரின் (நம் அலெக்சாண்டர்தான்) சவப்பெட்டிமேல் தாய் விழுந்து அழுவது வாஷிங்டனில். அவன் ஜெயித்த பக்கங்களையெல்லாம் புரட்டிவிட்டு வந்து பார்த்தால்தானே அந்த அழுகை நெஞ்சை அடைக்கும்?

புத்தகம் ஐயா அது. காலண்டர் அல்ல.

எங்கள் தாத்தா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைச் சேர்த்து பைண்ட் செய்து வைத்திருந்தார். சித்தப்பா அதிலிருந்த படங்களை மட்டும் பிளேடால் அறுத்து, ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினார். வந்தவர்கள் எல்லாம் அவர் ரசனையை மெச்சினார்கள். படத்தின் பின்பக்கக் கதை போனது போனதுதான். கொலைகாரன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அப்படியானால் மியூசியங்களை மூடிவிடலாமா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

"ஈரானிலேயே இருந்திருந்தால் காட்டுமிராண்டிகள் எரித்திருப்பார்கள்." வந்துவிட்டீர்களா! 16ஆம் நூற்றாண்டு ஈரான் மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக உருவான இன்னொரு ஷாநாமாவைப் பிரித்தது யார்? ஹௌட்டன் என்ற அமெரிக்கப் பணக்காரர். 258 ஓவியங்கள் கொண்ட புத்தகம். 78ஐ நியூயார்க் மெட்ரோபாலிடனுக்குக் கொடுத்தார், சிலவற்றை ஏலம் விட்டார். மிஞ்சிய 118ஐ 1994இல் மீட்டது நீங்கள் திட்டும் அதே ஈரான்தான். அமெரிக்க நவீன ஓவியர் டி கூனிங் வரைந்த ஒரு பெண் ஓவியத்தைக் கொடுத்துவிட்டு, வியன்னா விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டது. அந்த டி கூனிங் 2006இல் 137.5 மில்லியன் டாலருக்குப் போனதும் "ஏமாந்த ஈரான்" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். புத்தகத்தின் அருமை தெரிந்தவன் ஏமாளியாகத்தான் தெரிவான்.

இதைச் சொன்னதற்கு எனக்கு 'பழைய பேப்பர் பாசம்' என்று பட்டம். அதற்கு ஹார்ட் விட்டவர்களில் என் வீட்டில் சாப்பிட்ட நண்பர்களும் இருக்கிறார்கள். ஷாநாமாவை விடுங்கள். எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?