படம் ஒட்டிய பெட்டியில் பண்பாடு ஏறிவிடுமா?

ரயில் பெட்டிக்கு வெளியே கோபுரத்தையும் யாளியையும் பரதம் ஆடும் பெண்ணையும் அச்சடித்து ஒட்டிவிட்டால் அது பண்பாட்டு ரயில் ஆகிவிடாது. இதைக் கொஞ்ச நாளாகவே எழுத வேண்டும் என்றிருந்தேன். சுற்றுலா ரயில்களே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். இன்னும் நிறைய வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன். அந்த ஆசையில்தான் இந்தப் பதிவு.

நம் நாட்டில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது, 1982 ஜனவரி 26 அன்று ஓடத் தொடங்கிய ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ சொகுசு ரயில். பழைய சமஸ்தான மன்னர்களின் சலூன் பெட்டிகளைக் கொண்டே அன்று ஓட்டினார்கள். பிறகு மகாராஷ்டிரத்தின் ‘டெக்கான் ஒடிசி’, 2008-இல் கர்நாடகத்தின் ‘கோல்டன் சாரியட்’, 2010-இல் ‘மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ்’ என்று வரிசையாக வந்தன. இவற்றில் ‘கோல்டன் சாரியட்’ எனக்குப் பிடித்தது. ஹம்பியின் கல் தேரை நினைத்து வைத்த பெயர். பெட்டிகளுக்குக் கதம்பர், ஹொய்சளர், ராஷ்டிரகூடர், சாளுக்கியர் என்று அந்த மண்ணை ஆண்ட வம்சங்களின் பெயர்கள். அழகான யோசனை, மறுக்கவே மாட்டேன். ஆனால் டிக்கெட் லட்சக்கணக்கில். ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசபேட்டையில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, தன் ஊர்ப் பெருமையைச் சொல்லும் அந்த ரயிலை பிளாட்பாரத்தில் நின்றுதான் பார்க்க முடியும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்த திட்டம் என்றுதான் 2021 நவம்பரில் அறிவித்த ‘பாரத் கௌரவ்’ ரயில்களை நான் பார்த்தேன். தனியாரும் ரயிலைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டலாம் என்றார்கள். அதன்படி முதல் ரயில் 2022 ஜூனில் நம்ம கோவையிலிருந்துதான் ஷீரடிக்குப் புறப்பட்டது. வழியில் மந்திராலயத்தில் சில மணி நேரம் நிறுத்தி, தரிசனம் முடித்துவர அவகாசமும் கொடுத்தார்கள். அதே மாதம் டெல்லியிலிருந்து கிளம்பிய ராமாயண யாத்திரை ரயில் எல்லை தாண்டி நேபாளத்தின் ஜனக்பூர் வரை போனது. சீதை பிறந்த ஊர் என்று நம்பும் இடத்தில் தொடங்கி ராமேஸ்வரம் வரை, ஒரு காவியத்தின் நிலப்பரப்பைத் தண்டவாளத்தாலேயே தொட்டுக் காட்டுகிறார்கள். நினைத்தாலே சிலிர்க்கிறது.

சரி, போய் வந்தவர்கள் என்ன பார்க்கிறார்கள்? என் அம்மாவும் சித்தியும் இப்படி ஒரு யாத்திரை ரயிலில் காசி, கயா போய் வந்தார்கள். வயதானவர்களுக்கு இது பெரிய வரம். பெட்டி தூக்கி அலைய வேண்டாம், பாஷை தெரியாத ஊரில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டாம், மூன்று வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு. “காசியில என்னம்மா சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன். “சாம்பார் சாதம், அப்பளம்” என்றார். பட்டுத் தறி பார்த்தீர்களா என்றால், பஸ் ஒரு கடை வாசலில் நின்றதாம்.

சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. அம்மாவின் வயிற்றுக்கு அதுதான் சரி. என் ஆதங்கம் வேறு. காசியில் 1863-இல் தொடங்கிய நகரத்தார் சத்திரத்திலிருந்து இன்றும் விஸ்வநாதருக்குப் பூஜைப் பொருட்கள் ‘சம்போ சம்போ’ என்ற குரலோடு தெரு வழியே போகின்றன. பாரதி இளம் வயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த அனுமன் காட் என்ற படித்துறைப் பகுதியும் அந்த ஊரில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து காசிக்குக் கூட்டிப் போகிறவர்கள் இதைக்கூடக் காட்டவில்லை என்றால், அந்தப் பயணத்தில் பண்பாட்டுக்கு என்ன இடம் கொடுத்தோம்? நாலு மணிக்கு எழுப்பி, வரிசையில் நிறுத்தி, கும்பிட வைத்து, மறுபடி பஸ்ஸில் ஏற்றுவதற்கே நேரம் போய்விடுகிறது.

இதற்குப் பெரிய பணம் வேண்டும் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். ஜப்பானின் கியூஷு தீவில் ‘இபுசுகி நோ தமதேபாகோ’ என்று ஒரு ரயில் 2011 முதல் ஓடுகிறது. அதற்குப் பின்னால் ஒரு நாட்டுக்கதை. ஆமையைக் காப்பாற்றிய ஒரு மீனவன் கடலடி அரண்மனைக்குப் போய், திறக்கவே கூடாது என்று சொல்லிக் கொடுத்த பெட்டியோடு ஊர் திரும்புகிறான். ஊரில் காலம் எங்கோ போய்விட்டது. மனம் தாளாமல் பெட்டியைத் திறக்கிறான். வெண்புகை கிளம்பி, கருகரு முடி நரைத்துக் கிழவனாகிறான். அந்தக் கடற்கரையோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை இது. அதனால் ரயிலுக்கு ஒரு பக்கம் கறுப்பு, கடல் பக்கம் வெள்ளை. ஸ்டேஷனில் கதவு திறக்கும்போது மேலிருந்து வெண்பனி போலப் புகை இறங்கும். அவ்வளவுதான். ஓடிப் பழகிய பழைய டீசல் பெட்டிகளை மாற்றியமைத்துச் செய்ததுதான் அது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், சாதாரணக் குடும்பம் டிக்கெட் எடுத்துப் போகலாம். ஒரு குழந்தை அந்தப் புகைக்குள் ஒரு முறை இறங்கி நடந்தால் போதும், கதை ஆயுசுக்கும் மறக்காது.

நம்மிடம் இதைவிடப் பெரிய பொக்கிஷம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில். 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைப் பாதைகள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கல்லாறு தாண்டியதும் நடுத் தண்டவாளத்தின் பற்களில் இன்ஜினின் பல்சக்கரம் கடித்துப் பிடிக்கும். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் பிடிக்கும் ஊழியரான ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி ஏற்றத்தில் அத்தனை பேரின் உயிரும் அந்தக் கைகளில்தான். சுவிட்சர்லாந்தில் செய்து வந்த அந்த இன்ஜின் வகையை, 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் தொழிலாளர்களே புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். இந்த நூற்றாண்டில் நீராவி இன்ஜின் செய்யத் தெரிந்த கைகள் உலகில் எத்தனை இருக்கும்! அந்த ரயிலில் போகிறவர்களில் பெரும்பாலானோர் இதை அறியாமலே செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அது அவர்கள் தப்பே இல்லை. சொல்ல ஆள் வைக்கவில்லை நாம்.

அந்த மலைப் பாதையில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும். எல்லோரும் இறங்கி நிற்பார்கள். ஓய்வுபெற்ற ஒரு பிரேக்ஸ்மேனையோ பொன்மலை ஃபிட்டரையோ அங்கே சம்பளம் கொடுத்து நிறுத்துங்கள். பல்சக்கரம் எப்படிக் கடிக்கிறது, மழை நாளில் இறங்கும்போது பிரேக்கை எப்படிப் பிடிப்பார்கள் என்று அவர் வாயால் தமிழில் சொல்லட்டும். யாத்திரை ரயில் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு பெரிய ஊரிலும் அரை நாளை அந்த ஊர்க்காரர் ஒருவர் கையில் ஒப்படைக்கட்டும். எந்தச் சந்தில் தறி ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். இதற்குப் புதுப் பெட்டியும் வேண்டாம், புது வண்ணமும் வேண்டாம். ரயில்வேயின் சேலம் கோட்டம் மனது வைத்தால், ஹில்குரோவில் வரும் ஏப்ரல், மே சீசனுக்கே தொடங்கிவிடலாம்.