புலப்படத்தில் ஓடை இருக்கிறது, வெள்ளம் இல்லை

சேலம் பக்கத்துத் திருமணிமுத்தாறு, சரபங்கா ஆறுகளின் கரையோர ஊர்களுக்கு வெள்ளப் பரப்பு வரைபடம் போட்டுவிட்டு வீடுகளுக்குக் காப்பீடு எடுக்க வைக்கலாம் என்கிறார், வெள்ளக் காப்பீடு பற்றி நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். சரி, நல்ல யோசனைதான். ஆனால் வி.ஏ.ஓ.விடம் புலப்படம் (நிலத்தின் சர்வே எல்லைகளைக் காட்டும் வரைபடம்) வாங்கிப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கின் எல்லை இருக்கும். தண்ணீர் அதைத் தாண்டி எவ்வளவு தூரம் பரவும் என்பது இருக்காது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டில் கொட்டியபோது சேலத்தில் தண்ணீர் புலப்படத்தைப் பார்த்தா வந்தது?

ஆற்று வெள்ளம் பரவும் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, எங்கே என்ன கட்டலாம் என்று வரையறுக்க மத்திய அரசு 1975லேயே மாதிரி மசோதா அனுப்பியது. சட்டமாக்கிய மாநிலங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாம் அதில் இல்லை. 'நூறாண்டு வெள்ளம்' என்றதும் நம் காலத்தில் வராது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்பு என்றுதான் அதற்குப் பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 26 சதவீதம்!

காப்பீட்டைப் பொறுத்தவரை, 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியில் வெள்ளம், நிலச்சரிவு இரண்டும் அடக்கம். கட்டுரை தொடாத விஷயம் தறி. இடைப்பாடிப் பக்கம் வீடும் தறிக்கூடமும் ஒரே கூரைக்குள். தண்ணீர் முதலில் இறங்குவது தறிக்குழியில். தறியில் பூட்டிய பாவு நூல் நனைந்தால் அந்த மாதக் கூலி போச்சு. வீட்டுப் பாலிசி வீட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும்தான். தறிக்கும் நூலுக்கும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற சிறுதொழில் பாலிசியைத் தனியாக எடுக்க வேண்டும். ஏஜென்ட் யாராவது இதைச் சொல்கிறார்களா?