உபதேசியாருக்குப் போட்டோ இல்லை

எங்கள் லுத்தரன் கிறிஸ்தவ சபைக்கு ஆண்டுவிழா மலர் போடுகிறார்கள். நான் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், வீட்டில் சும்மாதான் இருக்கிறாள், தமிழும் எழுத வரும் என்று ‘சபை வரலாறு’ பகுதியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இறங்கி மாந்தோப்பு ஓரமாகக் கொஞ்சம் நடை. அதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். சொன்னால் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்திலேயே பஞ்சாயத்து கூடிவிடும்.

கமிட்டி கொடுத்த குறிப்பு இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் வெள்ளைக்கார மிஷனரிகள், அப்புறம் வரிசையாக ஐயர்மார் (பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்), யார் எத்தனை வருஷம் இருந்தார் என்று. இரண்டாம் பக்கம் முழுக்கக் கட்டடம். ஓட்டுக் கோயில், பிறகு காங்கிரீட், பிறகு கோபுரம், டைல்ஸ், சவுண்ட் சிஸ்டம். அடியில் ‘இவ்வாறாக சபை வளர்ந்தது’ என்று ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரியோடுதான் சண்டை. அது கோயில் வளர்ந்த கதை. சபை வளர்ந்த கதை வேறே.

மிஷனரிகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்கள் கதையே சுவாரசியமானதுதான், அதையும் சரியாகச் சொல்வதில்லை என்பதுதான் என் குறை. தியோடர் நேத்தர், பிரான்ஸ் மோன் என்று இரண்டு ஜெர்மானியர்கள். லைப்சிக் மிஷன் ஆட்களாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள். வேதம் முழுவதும் தேவ ஆவியால் அருளப்பட்டது என்பதில் தங்கள் மிஷனே தளர்ந்துவிட்டது என்று சண்டை போட்டு, 1893இல் வெளியேறும்படி ஆனது. அதே நேரத்தில் அமெரிக்காவில் மிசூரி சினட் என்ற லுத்தரன் சபை, வெளிநாட்டில் ஊழியம் தொடங்க இடம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் முதலில் நினைத்தது இந்தியாவை இல்லை, ஜப்பானை. இந்த இரண்டு பேரும் தமிழ் தெரிந்து, கையில் வேலை இல்லாமல் நிற்கவும், திட்டம் மாறியது. 1894இல் டெட்ராய்ட்டில் கை வைத்து அனுப்பினார்கள். 1895இல் நேத்தர் வந்து இறங்கிய இடம் கிருஷ்ணகிரி. மோன் ஆம்பூரைப் பார்த்துக்கொண்டார். ஜப்பானுக்குப் போக வேண்டிய பணம் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையடியில் செலவானது என்று நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அப்போது கிருஷ்ணகிரி சேலம் ஜில்லா. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே சந்தையில் கேட்கிற ஊர். 1896இல் பம்பாயில் இறங்கிய பிளேக் 1898இல் பெங்களூருக்கு வந்தது. அங்கிருந்து ரோடு நேராக நம் ஊருக்குத்தானே வருகிறது. 1904இல் நேத்தர் அந்த பிளேக்கில்தான் செத்தார். வந்து ஒன்பதே வருஷம். கமிட்டிக் குறிப்பில் இதற்கு ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போட்டிருக்கிறார்கள். என்ன நோய், ஊரில் என்ன நிலைமை, அந்த நேரம் யார் கூட நின்றார்கள், ஒன்றும் கிடையாது.

அவர் செத்த பிறகும் சபை நின்றதே, அது எப்படி? 1914இல் முதல் உலகப் போர் வந்து, ஜெர்மன் குடிமக்களாக இருந்த மிஷனரிகளை வெள்ளைக்கார சர்க்கார் காவலில் வைத்து நாடு கடத்தியது. பங்களாவில் துரை இல்லாத வருஷங்கள் இருந்திருக்கின்றன. கொட்டாய் கொட்டாயாக அந்த வருஷங்களில் ஜெபம் நடத்தியது யார்? பிணத்தை எடுத்தது யார்?

இதற்குப் பதில் ஞானஸ்நான ரிஜிஸ்டரில் இருக்கிறது. நான்கு நாள் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய துணி பைண்டிங், ஓரமெல்லாம் கரையான். கட்டம் போட்டு வரிசையாக எழுதியிருக்கிறது: தேதி, பழைய பெயர், புதுப் பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில், ஞானப் பெற்றோர், கொடுத்தவர் கையெழுத்து. தொழில் என்ற கட்டத்தில் ஒரே சொல் பக்கம் பக்கமாக இறங்குகிறது. கூலி, கூலி, கூலி. இடையில் எங்காவது பண்ணையாள். ஒரு இடத்தில் வாத்தியார் என்று வந்தபோது எனக்கே நெஞ்சு நிறைந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு ஆள், இரண்டு ஆள் என்று வரவில்லை. ஒரே தேதியில் ஒரு தெருவே வந்திருக்கிறது. அண்ணன், தம்பி, மாமன், கைக்குழந்தை, கிழவி. ‘வேதத்தில் சேர்ந்தார்கள்’ என்று ஊரில் சொல்வது அப்படித்தான், தனியாக யாரும் சேர்வதில்லை. தனியாகச் சேர்ந்தால் அடுத்த நாள் கூலிக்குக் கூப்பிட மாட்டார்கள். தெருவே சேர்ந்தால் கூப்பிடாமல் இருக்க முடியாது. வந்தவர்கள் அநேகமாக எல்லாரும் சேரிக்காரர்கள். கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மாறினார்கள் என்று வெளியே கேலி பேசுகிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு வெட்கப்பட்டு, நம் ஆட்களே வரலாறு எழுதும்போது சேரி என்ற சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். குறிப்பில் ‘சுற்றுவட்டார மக்கள்’ என்று இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு இதில் ஒரு வெட்கமும் கிடையாது. ரோட்டில் செருப்பு போட்டு நடக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவன், தன் மகனைப் பெஞ்சியில் உட்காரவைக்கிற இடம் எது என்று பார்த்து நடந்திருக்கிறான். அது பேராசை என்றால் இருக்கட்டும்.

பெஞ்சி என்றேனே, முதலில் அதுவும் இல்லை. பகலில் மண்தரைப் பள்ளிக்கூடம், ஞாயிறு காலையில் அதே இடம் கோயில். வாத்தியாரும், ஊரோடு இருந்து வேதம் சொல்லிக்கொடுக்கிற உள்ளூர் ஊழியரான உபதேசியாரும் ஒரே ஆள். காலையில் ஆனா ஆவன்னா, சாயங்காலம் வயல் வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்கு ஞானோபதேசம், பத்துக் கற்பனையும் (பத்துக் கட்டளைகள்தான்) விசுவாசப் பிரமாணமும் மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி, லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை, ‘இதற்கு அர்த்தமென்ன?’ என்ற கேள்வியையும் சேர்த்து, சாகிற வரைக்கும் பிசகாமல் சொல்வாள். மிஷனரி வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மாட்டு வண்டியில் வந்து ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுத்துவிட்டுப் போவார். மீதி நாளெல்லாம் உபதேசியார். ரிஜிஸ்டரில் கையெழுத்து மிஷனரியுடையது, ஆனால் பெயர்களை எழுதிய கை உபதேசியாருடையது. அந்தக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மலரில் அவருக்கு ஒரு பக்கம் கேட்டேன். “போட்டோ இல்லையே டீச்சரம்மா” என்றார் கமிட்டியில் ஒருவர். போட்டோ இல்லாதவனுக்குப் பக்கம் கிடையாது. டைல்ஸ் போட்டவருக்கு முழுப் பக்கம், கலரில்.

பழைய கணக்கு நோட்டும் ஒன்று கிடைத்தது. அதில் காணிக்கை என்று ரூபாய் கொஞ்சம்தான் இருக்கிறது. மீதி எல்லாம் கேழ்வரகு, கொள்ளு, கோழி, முட்டை, புளி. பெண்கள் களி கிண்டும் முன் ஒரு பிடி மாவைத் தனிப் பானையில் எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அறுப்புப் பண்டிகை ஏலத்தில் இப்போது ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏற்றிவிட்டுக் கைதட்டுகிறோம், சரி, அதுவும் சந்தோஷம்தான். ஆனால் உபதேசியார் குடும்பம் கஞ்சி குடித்தது அந்தப் பிடி மாவில்.

ஒரு பக்கவாட்டுப் பேச்சு. நான் வாழ்க்கைப்பட்டது தர்மபுரிப் பக்கம். அந்த வீட்டார் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. லண்டன் மிஷன் 1827இலேயே சேலத்துக்கு வந்துவிட்டது, அந்த வழியில் வந்தவர்கள். அவர்கள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையானார்கள், 1947 செப்டம்பர் 27இல் சி.எஸ்.ஐ. ஆனார்கள். நாங்கள் அதில் சேரவில்லை. எங்கள் பக்கம் 1958இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று சொந்தக் காலில் நின்றது. கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் கல்யாணமான புதிதில் எனக்குப் பாட்டே பிடிபடவில்லை. நாங்கள் ஞானப்பாட்டை இழுத்துப் பாடுவோம், அவர்கள் கீர்த்தனையைத் தாளம் போட்டுப் பாடுவார்கள். மாமியார் என்னைப் பார்த்து, “ஜெர்மன்காரிச்சி வந்துட்டா” என்பார். அவர்கள் சபை வரலாற்றிலும் கதை இதேதான். அங்கேயும் பக்கம் பக்கமாக லண்டன் துரைமார்தான், உபதேசியாருக்கு ஒரு வரி.

சரி, வளர்ச்சிக்கு வருகிறேன். எண்ணிக்கை எவ்வளவு என்று கமிட்டி கேட்கிறது. எந்த எண்ணிக்கையைச் சொல்ல? 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதிச் சலுகை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். கிறிஸ்தவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஊரில் சாதி மாறவில்லை, குடியிருப்பு மாறவில்லை, தனிச் சுடுகாடு மாறவில்லை, சர்டிபிகேட் மட்டும் மாறுமாம். அதனால் கோயில் ரிஜிஸ்டரில் ஒரு பெயர், பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வாழ்ந்த தலைமுறை இது. அதைக் கள்ளத்தனம் என்று பேசுகிற விசுவாசிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பிள்ளையின் காலேஜ் சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள். ஆகவே சென்சஸ் கணக்கை வைத்து நாம் வளர்ந்தோம், குறைந்தோம் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

குறைந்ததும் உண்மை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, அப்புறம் கம்பெனிகள். படித்த பிள்ளைகள் ஓசூர், பெங்களூர் என்று போனார்கள். எங்கள் பள்ளிக்கூடம் உருவாக்கிய ஆட்களே எங்கள் பெஞ்சியைக் காலி செய்தார்கள். இதை நான் தோல்வி என்று எழுத மாட்டேன். கூலி என்ற கட்டத்தை மாற்றத்தானே அந்தப் பள்ளிக்கூடம். கிறிஸ்துமசுக்குக் காரில் வந்து இறங்கி, காணிக்கைக் கவரைக் கொடுத்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். போகட்டும்.

இன்னொரு பக்கம், ரோட்டோரத் தகரக் கொட்டகைகளில் புதுப் புதுச் சபைகள். எங்கள் மூப்பர்கள் அதைப் பார்த்து, “நம்ம ஆட்டைத் திருடுறாங்க” என்கிறார்கள். நான் கணக்குப் பார்த்தேன். போனவர்களில் எத்தனை வீட்டுக்கு நம் ஆட்கள் போய் ஜெபித்தோம்? காய்ச்சலில் கிடந்தவளை ராத்திரி போய்ப் பார்த்தது அந்தத் தகரக் கொட்டகைப் பாஸ்டர். நம் ஆள் சந்தா பாக்கி எவ்வளவு என்று கேட்கப் போனார். ஆடு தானாகத்தான் நடந்து போயிருக்கிறது. அந்தக் கொட்டகைகளின் கத்தலும் லவுட் ஸ்பீக்கரும் எனக்குப் பிடிக்காது, தசமபாகம் கேட்கிற விதமும் பிடிக்காது. ஆனால் நம் பழைய உபதேசியார் செய்த வேலையை இப்போது செய்கிறவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. ரிஜிஸ்டரில் பெண்கள் பாதிக்கு மேல் ‘இன்னாருடைய மனைவி’ என்றுதான் இருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு ஒரு பைபிள் உமன், அதாவது வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்கிற ஊழியக்காரி, வந்துபோனார் என்று என் பாட்டி சொல்வாள். வெள்ளைப் புடவை, கையில் துணிப்பை, பையில் வேதாகமமும் கொஞ்சம் குயினைன் மாத்திரையும். ஆண்கள் நுழைய முடியாத அடுப்படி வரைக்கும் போய் உட்கார்ந்து பேசுவார். பிள்ளைப்பேறு சிக்கலானால் வண்டி கட்டி ஆம்பூர் பெதஸ்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். என் பெரியத்தை உயிரோடு பிறந்ததே அவரால்தான் என்பாள் பாட்டி. சம்பளக் கணக்கில் ‘பை. உ.’ என்று இரண்டு எழுத்தும் ஒரு தொகையும் மட்டும் இருக்கிறது.

போன வாரம் காலனியில் இருக்கிற, தொண்ணூறு தாண்டிய ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். அவருக்குக் காது மந்தம், நினைவு நன்றாக இருக்கிறது. அந்தம்மா என்ன பாட்டு பாடுவார், எந்த வீட்டில் தண்ணி குடிப்பார், எந்த வீட்டில் வாசலோடு நிறுத்தினார்கள் என்று எல்லாம் சொன்னார். பெயர் என்ன ஆயா என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்தார்.

“பேரு யாரு கேட்டது? அக்கான்னுதான் கூப்பிடுவோம்.”

மலர் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஊத்தங்கரை, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் உள்ளவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். வெள்ளைப் புடவை, துணிப்பை, இடது கையில் தீக்காயத் தழும்பு இருந்ததாம். பெயர் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.