60 லட்சம் கட்டுரை இருக்கு, ஒண்ணாங்கிளாஸ்ல இடம் நிச்சயமில்ல

விக்கிபீடியால கட்டுரை எண்ணிக்கைய வச்சு மொழிகள வரிசைப்படுத்தின ஒரு படத்த நேத்து ஒரு நண்பர் ஷேர் பண்ணிருந்தார். இங்கிலீஷுக்கு அடுத்து ரெண்டாவது இடம் பிலிப்பைன்ஸ்ல பேசற செபுவானோ, 60 லட்சத்துக்கு மேல. அசாமி மொழி எங்கயோ கடைசிப் பக்கம், ஒரு லட்சத்தக்கூட தொடல. "பாருங்க, சின்னத் தீவு மொழி எங்க போயிடுச்சு"ன்னு மேல எழுதிருந்தார். அத பாத்ததுல இருந்து மனசு கேக்கல, ஏன்னா ஷார்ஜால எங்க ஆபீஸ்ல எனக்கு இடது பக்கம் உக்காந்திருக்கறது செபுக்கார அக்கா, வலது பக்கம் அசாம்ல ஜோர்ஹாட் ஊர்ப் பையன், ரெண்டு பேரு மொழியையும் நான் மூணு வருஷமா தெனம் காதுல வாங்கிட்டு இருக்கேன்.

முதல்ல அந்த 60 லட்சம் என்னன்னு சொல்லிடறேன். அதுல பெரும்பகுதி மனுஷங்க எழுதினதே இல்ல. ஸ்வெர்கர் யோஹான்சன்னு ஒரு ஸ்வீடன்காரர், மனைவி பிலிப்பைன்ஸ்காரங்க, அவர் செஞ்ச ஒரு பாட், அதாவது தானா எழுதற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம், தகவல் பட்டியல்கள்ல இருந்து எடுத்து எடுத்து போட்டது. எங்கயோ ஒரு மலை, ஒரு ஏரி, ஒரு பூச்சி இனம், எல்லாம் ரெண்டு மூணு வரி. அவர் மேல எனக்கு கோவம் இல்ல, நல்ல எண்ணத்துலதான் பண்ணிருக்கார். ஆனா அந்த நம்பர வச்சு மொழி நல்லா இருக்குன்னு சொல்றது தப்பு.

செபுவானோவ அதப் பேசறவங்க பிசாயான்னுதான் சொல்வாங்க. செபு, போஹோல், நெக்ரோஸோட கிழக்குப் பக்கம், மிண்டனாவோல தாவாவ் வரைக்கும் சுமார் ரெண்டு கோடி பேர். 1950கள்ல இருந்து கிட்டத்தட்ட 80கள் வரைக்கும் பிலிப்பைன்ஸ்லயே அதிகம் பேருக்கு தாய்மொழி அதுதான், மணிலா பக்கம் பேசற டகாலோக் இல்ல. ஆனா 1937லயே தேசிய மொழிக்கு அடிப்படை டகாலோக்னு குடியரசுத்தலைவர் கேசோன் அறிவிச்சாச்சு. அன்னில இருந்து மத்ததெல்லாம் "டயலெக்ட்". எங்க அக்காவே "எங்க டயலெக்ட்ல"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, ஒவ்வொரு தடவையும் எனக்கு சுருக்குன்னு இருக்கும். லாங்காம்னா செபுல பறவை, மணிலால எறும்பு. டகாலோக் பேசறவங்களுக்கு தனியா பழகாம செபுவானோ புரியாது, அப்புறம் எப்படிங்க அது வட்டார வழக்காகும்?

இதே வார்த்தைய அசாமி கேட்டது 1836ல. வெள்ளைக்காரன் நிர்வாகம் அசாம்ல கோர்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வங்காளிய கொண்டுவந்துட்டான், அசாமி வங்காளியோட ஒரு கிளைதான்னு சொல்லிட்டாங்க. அசாம்காரங்க விடல. ஆனந்தராம் தேக்கியால் ஃபுக்கன் மாதிரி ஆளுங்க எழுதி எழுதி வாதாடினாங்க, அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிங்க 1846ல சிவசாகர்ல இருந்து ஒருணோதோய்னு பத்திரிகை போட்டாங்க, 1867ல மைல்ஸ் பிரான்சன் அகராதி வந்துச்சு, 1873ல அசாமி திரும்ப வந்துச்சு. 37 வருஷம். ஒருணோதோய்னா அருணோதயம், விடியல். செபுவானோல முதல் பத்திரிகை 1901ல விசென்டே சோட்டோ நடத்தின ஆங் சுகா, அதுக்கும் அர்த்தம் வெளிச்சம்தான். ரெண்டு பக்கமும் ஒரே ஏக்கம், இதத் தெரிஞ்சுகிட்ட அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

மொழிக்குள்ள போனா சொந்தக்காரங்களே இல்ல, ஒண்ணு ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம், இன்னொண்ணு இந்தோ ஆரியம். ஆனா ஒரு நாள் லஞ்ச் டைம்ல அக்கா "மங்காஒன் தா"ன்னாங்க, வாங்க சாப்பிடலாம்னு. தா போட்டா கேக்கறவங்களும் சேத்தி, "மங்காஒன் மி"ன்னா நாங்க சாப்பிடப் போறோம், நீங்க இல்ல. கிதா, கமின்னு ரெண்டு "நாம்", அதோட சுருக்கம்தான் தா, மி. எனக்கு டக்குனு புரிஞ்சுது, நமக்கு நாம, நாங்க இருக்குல்ல! அசாம் தம்பிக்கு அஞ்சு நிமிஷம் விளக்க வேண்டியதா போச்சு, அவனுக்கு எல்லாத்துக்கும் "ஆமி" ஒண்ணுதான்.

அவன் உடனே தெவுதாவ எடுத்தான். என் அப்பா தெவுதா, உன் அப்பா தெவுதாரா, அவனோட அப்பா தெவுதாக். யாரோட அப்பாங்கறதுக்கு ஏத்தமாதிரி அந்தச் சொல்லே மாறுது. அக்கா ஆச்சரியமா பாத்தாங்க, எனக்கோ சிலிர்த்துப் போச்சு, ஏன்னா சங்கத் தமிழ்ல எந்தை, நுந்தை, தந்தைன்னு நம்மகிட்ட இருந்தது அப்படியேதான், நாம விட்டுட்டோம், பிரம்மபுத்ரா கரையில இன்னும் தெனம் பேசறாங்க.

அசாமி பக்கம் எல்லாமே நியாயம்னு சொல்ல வரல. 1960ல மாநில ஆட்சிமொழிச் சட்டம் போட்டப்போ தெற்கு அசாம்ல பராக் பள்ளத்தாக்கு வங்காளிங்க மேல அதே அழுத்தத்த இவங்க வச்சாங்க, 1961 மே 19 சில்சார் ஸ்டேஷன்ல போலீஸ் சுட்டு 11 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம்தான் அங்க வங்காளிக்கு எடம் கெடச்சுது. வலி தெரிஞ்சவங்களே அப்படி செஞ்சது ரொம்ப கஷ்டமா இருக்கு. தம்பி இத மறைக்காம சொன்னான், அதுக்காகவே அவன் மேல மரியாதை.

ஆனா 2024 அக்டோபர பாருங்க. அந்த மாசம்தான் இந்திய அரசு அசாமிக்கு செம்மொழி அந்தஸ்து குடுத்துச்சு. அதே மாசம் பிலிப்பைன்ஸ்ல புது சட்டம், கிண்டர்கார்டன்ல இருந்து மூணாங்கிளாஸ் வரைக்கும் தாய்மொழியிலதான் பாடம்னு 2012ல தொடங்கினத எடுத்துட்டாங்க. இனி டகாலோக்க அடிப்படையா வச்ச பிலிப்பினோ, இங்கிலீஷ்தான், தாய்மொழி ஒத்தாசைக்கு; எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே தாய்மொழியா இருக்கற வகுப்புல மட்டும், விருப்பப்பட்டா, சில நிபந்தனையோட வச்சுக்கலாம். புத்தகம் சரியா வரல, டீச்சருக்கு ட்ரெயினிங் பத்தலன்னு காரணம் சொல்றாங்க. பத்தலன்னா குடுக்கணும்ல, மொழிய ஏன் எடுக்கணும்? ஒன்றரைக் கோடி பேர் பேசற அசாமிக்கு அரசாங்கம், காலேஜ், கோர்ட் எல்லாம் இருக்கு. அதவிட அதிகம் பேர் பேசற செபுவானோவுக்கு ஒண்ணாங்கிளாஸ்லயே இடம் நிச்சயமில்ல.

அக்காவோட பொண்ணு செபுல பாட்டிகூட இருக்கா, இந்த வருஷம்தான் ஒண்ணாங்கிளாஸ். போன வாரம் வீடியோ கால்ல கொலுசுமணிய எண்ணிக் காட்டினா, ஒன், டூ, த்ரீன்னு. அக்கா உசா, துஹா, துலோன்னு எடுத்துக் குடுத்தாங்க. பொண்ணு மூணு வரைக்கும் கூடவே சொல்லிட்டு, நாலாவதுக்கு பாட்டி மொகத்த பாத்தா.