ஷாத்திலாவில் எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள்

பாலஸ்தீன அகதிகளின் அடையாளம் பற்றிய நேற்றைய ஜூம் கருத்தரங்கில் ஒரு பாலஸ்தீன மாணவி கேட்டது ஒரே கேள்வி: "எங்கள் முகாமில் ஆய்வாளர்கள் எடுத்த பேட்டிகள், கொடுத்தவர்கள் கைக்குத் திரும்பி வந்தனவா?" நெறியாளர் அதை 'உணர்ச்சிவசப்பட்ட கேள்வி' என்று ஒதுக்கிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

உணர்ச்சியாம். லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் உள்ள ஷாத்திலா என்ற பாலஸ்தீன அகதி முகாமை ஆய்வாளர்கள் மொய்த்து மக்களைச் சலிக்க வைத்ததைப் பற்றி 2013-லேயே மைசூன் சுக்கரியேவும் ஸ்டூவர்ட் டானக்கும் ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார்கள். பேராசிரியர்கள் எழுதினால் ஆய்வு, அகதியின் பேத்தி கேட்டால் உணர்ச்சியா?

என் விடுதி அறைத்தோழி லெபனான் முகாமில் பிறந்தவள். ஊர் எது என்றால், இஸ்ரேல் உருவான 1948-இல் பாட்டி விட்டுவந்த பாலஸ்தீனக் கிராமத்தைத்தான் சொல்வாள். அந்தப் பாட்டியிடம் ஆட்கள் மாறி மாறி வந்து அதே கதையைக் கேட்பார்களாம். அவரும் காப்பி கொடுத்து உட்காரவைத்து, அழுது அழுது சொல்வாராம். பாட்டி இறந்த பிறகு, அந்தக் குரல் பதிவையாவது தாருங்கள் என்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். பதிலே இல்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பது அவ்வளவு பெரிய குற்றமா?

"ஆய்வாளரால் லெபனான் சட்டத்தை மாற்ற முடியுமா?" என்பீர்கள். முடியாது. பாலஸ்தீன அகதி அங்கே சொத்து வாங்க முடியாதபடி 2001-இல் போட்ட சட்டம் அப்படியேதான் இருக்கிறது. அதை யார் உங்களிடம் கேட்டார்கள்? ஒரு ஒலிப்பதிவின் நகல், அரபியில் ஒரு சுருக்கம், அவ்வளவுதான். பெயர் வெளியானால் ஆபத்து என்பது சரி. ஆனால் பேத்தியிடம் கொடுப்பது வெளியிடுவது ஆகாதே.

தங்களைப் பற்றி எழுதத் தெரியாத மக்களா பாலஸ்தீனர்கள்? 1965-லேயே பெய்ரூட்டில் சொந்தமாக ஆய்வு மையம் வைத்திருந்தார்கள். 1982-இல் லெபனானுக்குள் புகுந்த இஸ்ரேலிய ராணுவம் அதன் நூலகத்தையும் ஆவணங்களையும் அள்ளிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு கைதிகள் பரிமாற்றத்தின்போதுதான் அவை திரும்பின. கைதிகளோடு சேர்த்துக் காகிதங்களையும் கேட்டு வாங்கிய மக்கள்! அதே 1982 செப்டம்பரில் சப்ரா, ஷாத்திலா படுகொலையில் பலியானவர்களின் பெயர்களைக் குடும்பங்களிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார் வரலாற்றாசிரியர் பயான் நுவைஹித் அல்-ஹூத். இவ்வளவுக்கும் பிறகு இவர்களுக்கு அடையாளம் என்றால் என்னவென்று நாம் விளக்கப் போகிறோமா?

ஏற்பாட்டாளர்களே, அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் அவளை முதலில் பேசவிடுங்கள். பேட்டிகள் எங்கே என்பதற்கும் அங்கேயே பதில் சொல்லுங்கள்.