உறையவைத்தால் பாக்டீரியா சாகாது

மீன் உணவு பற்றிய உங்கள் கட்டுரையில் மற்றதெல்லாம் சரி. "மீனை உறையவைத்தால் கிருமி செத்துவிடும்" என்ற வரியை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்தால் சாவது ஒட்டுண்ணிப் புழு. பாக்டீரியா பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், ஐஸ் உருகியதும் மறுபடி பெருகும். எலுமிச்சைச் சாறும் சதையை வெளுக்க வைத்து வெந்ததுபோல் காட்டும், அவ்வளவுதான்.

2015-இல் இங்கே சிங்கப்பூரில் கஞ்சியோடு பச்சையாகச் சாப்பிட்ட சோங், தோமான் என்ற நன்னீர் மீன்களால் பரவியது பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. எஸ்டி283 என்ற அந்த வகை, நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் மூளையுறைக் காய்ச்சலையும் மூட்டில் சீழையும் கொண்டுவந்தது. உணவுக்கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது அதனால்தான்.

வளர்ப்பு இறாலில் கவலை விப்ரியோ என்ற பாக்டீரியா. நம் ஊர் வெக்கையில் மளமளவென்று பெருகும். தேக்கா சந்தையில் வாங்கினால் ஐஸோடு கட்டித்தரச் சொல்லுங்கள். வீட்டில் 4 டிகிரிக்குள், குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். தலையைக் கிள்ளும்போது வழியும் சாறு வெங்காயம் நறுக்கும் பலகையில் படவே கூடாது, பச்சடிக்குக் கிருமி போவது அந்த வழியாகத்தான். வெந்த இறாலின் தடித்த இடத்தைப் பிளந்து பாருங்கள்: நடுவில் கண்ணாடிபோல் தெரிந்தால் இன்னும் வேகவில்லை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் மீன் கழுவாதீர்கள்.