முதலில் திரையைக் கட்டுவோம், உண்டியல் அப்புறம்

போன வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி லிங்க் ஒன்று போட்டிருந்தார். முழுநீளப் படம் எடுக்கிறாராம், பாதி முடிந்துவிட்டதாம், மீதிக்குப் பணம் வேண்டும், 500 ரூபாயிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்று உருக்கமாக எழுதியிருந்தார். குழுவில் 214 பேர் இருக்கிறோம். நாலு கட்டைவிரல், இரண்டு 'வாழ்த்துகள் தம்பி', ஒரு பூங்கொத்து. அதற்குக் கீழேயே யாரோ தண்ணீர் லாரிக்காரர் நம்பர் கேட்டார்கள், பேச்சு அங்கே போய்விட்டது.

கட்டைவிரல் போட்ட நாலு பேரில் நானும் ஒருவன். பணம் அனுப்பவில்லை. சினிமா பற்றி இங்கே வாரம் இரண்டு பதிவு எழுதுகிற நானே அனுப்பவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்ல?

ஆனால் இதே குழுவில்தான் கோயில் கொடைக்கு வரி கேட்டபோது இரண்டே நாளில் 41 ஆயிரம் சேர்ந்தது. அதில் பாதிப்பேர் தறி ஓட்டுகிறவர்கள். ஆக, எங்கள் ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. கொடைக்கு ஏன் கொடுக்கிறார்கள்? சாமி பயம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் பெரிய காரணம், கொடுத்த காசு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பந்தல் வரும், சீரியல் பல்பு வரும், ராத்திரி பத்து மணிக்கு வில்லுப்பாட்டு வரும். சின்ன வயதிலிருந்து அம்மா மடியில் படுத்துக்கொண்டு பார்த்தது. வில்லுப்பாட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிற ஊர்ப் பெரியவர் 'கலையை ஆதரிக்கிறேன்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. போன வருசம் நன்றாகப் பாடினார், இந்த வருசமும் கூப்பிடு. அவ்வளவுதான் கணக்கு.

பெரிய கம்பெனிப் பணம் இல்லாமல் எடுக்கிற சுயாதீன சினிமாவுக்கு நம் ஊர்களில் அந்தப் போன வருசம் என்பதே கிடையாது. பார்த்தே இராத ஒன்றுக்கு வரி கேட்டால் எவன் கொடுப்பான்?

மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் பற்றி நம்மில் பலரும் பேசுவோம். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர், 1977. அப்புறம் கேரளத்தில் 1984-ல் நண்பர்களோடு சேர்ந்து ஒடேசா என்ற திரைப்படக் கூட்டியக்கத்தைத் தொடங்கி, மக்களிடம் காசு திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோருமே 'மக்களிடம் உண்டியல் ஏந்தி எடுத்த படம்' என்ற இடத்தில் புல்லரித்து நின்றுவிடுகிறார்கள். அவர்கள் எந்த வரிசையில் அதைச் செய்தார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஊர் ஊராகப் போனார்கள், பறை அடித்தார்கள், தெருநாடகம் போட்டார்கள், ஆனந்த் பட்வர்தனின் 'ஹமாரா ஷஹர்' ஆவணப்படத்தைத் திரை கட்டிக் காட்டினார்கள். பம்பாய்க் குடிசைவாசிகளைப் பற்றிய படம் அது. அதைக் காட்டித்தான் அடுத்து எடுக்கப்போகும் படத்துக்குக் காசு வாங்கினார்கள். அதாவது அடுத்தவர் எடுத்த படத்தைக் காட்டி, 'இப்படியும் சினிமா இருக்கிறது பாருங்கள், இந்த மாதிரி ஒன்று நாங்களும் எடுக்கப்போகிறோம்' என்று கேட்டிருக்கிறார்கள். படம் முடிந்ததும் அதையும் அதேபோல் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதற்கு அடுத்த வருசம் மே மாதம் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து ஜான் இறந்துபோனார். அது தனிச் சோகம், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

'அம்ம அறியான்' படத்துக்குப் பத்து வருசம் முன்னால் குஜராத்தில் இந்தி இயக்குநர் ஷ்யாம் பெனகல் 'மந்தன்' எடுத்தார். பால் கூட்டுறவுச் சங்க விவசாயிகள் 5 லட்சம் பேர், ஆளுக்கு 2 ரூபாய், மொத்தம் 10 லட்சம். இது சும்மா வசூலான காசு இல்லை. சங்கம் ஏற்கனவே இருந்தது, காலையும் மாலையும் எல்லோரும் பாலோடு வந்து நிற்கிற இடம் இருந்தது. படம் வந்ததும் 'நம்ம படம்' என்று லாரி பிடித்துப் போய்ப் பார்த்தார்கள். 2024-ல் அந்தப் படத்தைப் புதுப்பித்து கான் விழாவில் திரையிட்டபோது நம்மாட்கள் பகிர்ந்து மகிழ்ந்தது நினைவிருக்கும்.

நமக்கும் இப்படி ஒன்று இருந்தது. 1960-ல் நிமாய் கோஷ் இயக்கி, எம்.பி. சீனிவாசன் இசையமைத்த 'பாதை தெரியுது பார்'. இடதுசாரித் தோழர்கள் கூட்டாகச் சேர்ந்து எடுத்தது. ஜெயகாந்தன் எழுதிய 'தென்னங்கீத்து ஊஞ்சலிலே' பாட்டை இன்றைக்கும் ராத்திரி ரேடியோவில் கேட்கலாம். படத்தைப் பார்த்தேன் என்று சொல்கிற ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. காசைக் கூட்டாகப் போட்டு எடுத்துவிட முடிந்தது, ஓட்டத்தான் முடியவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். சங்கரன்கோவிலில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஆளுக்கு 2,000 போட்டு ஒரு பழைய புரொஜெக்டர் வாங்கினோம். விளக்கு மங்கல், பகலில் பார்த்தால் படத்தில் எல்லோருமே பேய் மாதிரி இருப்பார்கள். திரை என்பது கடையில் நாலு கெஜம் வாங்கி ஓரம் அடித்த வெள்ளைத் துணி. மைக் செட் அண்ணன் ஸ்பீக்கருக்கு 800 ரூபாய் வாங்குவார், மிக்சரும் ஒயரும் கொண்டுவந்து அவரே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போவார். இரண்டாவது சனிக்கிழமை என்று வைத்தோம். சனிக்கிழமைதான் தறிக்காரர்களுக்குச் சம்பளம், மனது கொஞ்சம் லேசாக இருக்கும், வருவார்கள் என்ற கணக்கு.

முதல் மாதம் ஆறு பேர். அதில் மூன்று பேர் நாங்கள். மூன்றாவது மாதம் நடுப்படத்தில் கரண்ட் போய், ஒன்றேகால் மணி நேரம் டீ குடித்துக்கொண்டே காத்திருந்து மீதியைப் பார்த்தோம். ஏழாவது மாதம் சென்னையிலிருந்து ஒரு இயக்குநரைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம், அவரே விரும்பமாட்டார். நாலு விழாக்களுக்குப் போய்வந்த படம், தியேட்டர் கிடைக்கவில்லை. பொதிகை ரயிலில் காலையில் வந்து இறங்கினார், தோளில் ஒரு பை, பையில் ஹார்டு டிஸ்க். அன்றைக்கு 38 பேர்.

படம் முடிந்ததும் வழக்கம்போல் மயான அமைதி. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து பூக்கட்டுகிற ஆச்சி ஒருத்தர், 'ஏ தம்பி, அந்தப் பய கடைசில வீட்டுக்குப் போனானா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல' என்றார். இயக்குநர், 'நீங்க என்ன ஆச்சி நெனைக்கிறீங்க?' என்று கேட்டார். 'போயிருக்க மாட்டான். அவன் அப்பன் மூஞ்சி அப்படி இருந்துச்சு' என்று ஆச்சி சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் மறுக்க, அப்புறம் பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. மண்டபத்துக்காரர் வந்து விளக்கை அணைக்கவும்தான் எழுந்தோம்.

எவர்சில்வர் தூக்குவாளியை வாசலில் வைத்திருந்தோம். எண்ணினால் 2,340 ரூபாய், அதில் நிறைய பத்தும் இருபதும். நாங்கள் கொஞ்சம் போட்டு 5,000 ஆக்கிக் கொடுத்தோம். விழாக்களுக்குக் கைக்காசு போட்டுப் போய்வந்த மனிதர், அந்தச் சில்லறைத் தாள்களை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இது நடந்து ஆறு மாதம் கழித்து அவர் அடுத்த படத்துக்கு லிங்க் அனுப்பினார். அந்த 38 பேரில் 17 பேர் பணம் போட்டார்கள். ஆச்சி என் கையில் 100 ரூபாயைத் திணித்து, 'அந்தப் பையன் படம் எடுக்கானாம்ல, இதையும் அனுப்பிரு' என்றார்.

214 பேரில் பூஜ்யம், 38 பேரில் 17. நான் சொல்ல வருவது இதைத்தான்.

கன்னடத்தில் பவன்குமார் 'லூசியா'வுக்கு 27 நாளில் சுமார் 50 லட்சம் திரட்டினார் என்பதைப் பலர் உதாரணம் காட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால் அவர் ஏற்கனவே ஒரு படம் எடுத்து, வலைப்பூவில் எழுதி எழுதி ஒரு கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தவர். கேரளத்தில் சனல்குமார் சசிதரனும் நண்பர்களும் மக்கள் பணத்தில் எடுத்த படத்தை 'சினிமா வண்டி' என்று ஒரு வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டினார்கள். நம் ஊரிலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொன்னால் பாவம். ஆவணப்பட இயக்குநர் அமுதனும் அவருடைய 'மறுபக்கம்' அமைப்பும் 1998-லிருந்து மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறார்கள். கோவையில் கோணங்கள், சென்னையில் தமிழ் ஸ்டுடியோ என்ற திரைப்பட அமைப்புகள், முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமான தமுஎகச தோழர்களின் திரையிடல்கள், இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு நடத்துகிற பி.கே. ரோசி திரைப்பட விழா. விரல்விட்டு எண்ணினால் விரல் மிஞ்சுகிறது என்பதுதான் பிரச்சினை.

மிஞ்சிய இடத்தை எது நிரப்புகிறது தெரியுமா? குறும்படப் போட்டி. நுழைவுக் கட்டணம் 1,500, விருது வந்தால் ஷீல்டுக்கு 2,000, கூரியருக்குத் தனி. என் அக்கா மகன் கல்லூரியில் எடுத்த எட்டு நிமிடப் படத்துக்கு இப்படி ஒரு 'சர்வதேச' விழாவில் விருது வந்தது. படத்தை எங்கே திரையிட்டீர்கள் என்று கேட்டால் 'ஆன்லைனில் நடுவர்கள் பார்த்தார்கள்' என்று பதில். ஒரு மனிதக் குஞ்சுகூடப் பார்க்கவில்லை. ஷீல்டு எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது, அதில் அவன் பெயரில் எழுத்துப் பிழை வேறு. பையன்கள் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசு இப்படிப் போகிறது. அந்த 3,500 ரூபாய்க்கு எங்கள் மைக் செட் அண்ணன் நாலு மாதம் ஸ்பீக்கர் கட்டுவார்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்றும் கேட்பீர்கள். சிறுமுதலீட்டுத் தரமான படங்களுக்குத் தமிழக அரசு 7 லட்சம் மானியம் என்று ஒன்று உண்டு. ஆனால் அது எடுத்து முடித்த படத்துக்கு. கடன் வாங்கி எடுத்து, சென்சார் வாங்கி, வெளியிட்டு, அப்புறம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு என்றால் சாதாரணக் காத்திருப்பு இல்லை. 2009 முதல் 2014 வரையிலான மாநிலத் திரைப்பட விருதுகளை 2017-ல் அறிவித்து 2022-ல்தான் கையில் கொடுத்தார்கள். கேரளத்தில் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் கதையைத் தேர்ந்தெடுத்துப் படத்துக்கு ஒன்றரைக் கோடி வரை செலவழித்துத் தயாரிக்கிறது. அதைச் சுற்றியும் அங்கே சண்டை உண்டு. ஆனால் எடுப்பதற்கு முன்னாலேயே பணம் என்பதே பெரிய விஷயம். நாமும் கேட்க வேண்டியது அதைத்தான், கூடவே மாவட்டத்துக்கு ஒரு சின்னத் திரையரங்கம், 100 இருக்கை போதும். கேட்டுக்கொண்டே இருப்போம், கிடைக்கிறபோது கிடைக்கட்டும்.

விருது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 'கூழாங்கல்' ஒன்று போதும். அதை எடுத்த வினோத்ராஜ் பாதிக்கிணற்றில் தவித்தபோது, படம் எடுப்பவர்களும் தயாரிப்பாளர்களும் சந்திக்கிற கோவா ஃபிலிம் பஜாரில்தான் அதை இயக்குநர் ராம் பார்த்தார், அங்கிருந்து தயாரிப்பாளர் கிடைத்தார். 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது, அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரை. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் நம் தியேட்டர்களுக்கு வராமல் 2023 அக்டோபரில் நேராக ஓடிடிக்குத்தான் போனது. மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் எடுத்த படத்தை ராட்டர்டாம்காரன் விருது கொடுத்துக் கொண்டாடினான், மேலூர்க்காரன் செல்போனில் பார்த்தான்.

இயக்குநர் தம்பிகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் திரையிடலுக்கு இருபது முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற குறும்பட இயக்குநர்களை எல்லா மாதமும் கூப்பிடுகிறோம். தங்கள் படம் போடுகிற அன்றைக்கு மட்டும் வருகிறார்கள். அதுவும் தங்கள் படம் முடிந்ததும் போன் பேச வெளியே போய்விடுகிறார்கள். அடுத்தவன் படத்துக்கு உட்காராதவன் தன் படத்துக்குச் சமூகம் வரவில்லை என்று அழுவது எந்த ஊர் நியாயம்? இன்னொன்று, சுயாதீனமாக எடுத்துவிட்டதாலேயே படம் நன்றாக இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு மாதம் முன்னால் ஒரு படம் போட்டோம், ஒருவர் சைக்கிள் துடைப்பதையே பதினோரு நிமிடம் காட்டினார்கள். மைக் செட் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதையும் இயக்குநர் முகத்துக்கு நேராகவே சொன்னோம். மனிதர் சிரித்துக்கொண்டே கேட்டார், சைக்கிளைக் கொஞ்சம் குறைக்கிறேன் என்றார்.

நேற்று அந்த லிங்க் தம்பிக்குப் போன் செய்தேன். பணம் இருக்கட்டும், எடுத்தவரைக்கும் இருபது நிமிடம் வெட்டிக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். முதலில் தயங்கினார், கலர் செய்யவில்லை அண்ணே, சவுண்டு சரியில்லை அண்ணே என்றார். எங்கள் புரொஜெக்டரில் கலர் செய்தாலும் தெரியாது தம்பி, தைரியமாக வா என்றேன்.

வருகிற இரண்டாவது சனிக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி, வழக்கமான மாடி மண்டபம். அந்த இருபது நிமிடமும், அதற்கு முன்னால் ஒரு ஆவணப்படமும். நான்கு ஃபேனில் இரண்டு ஓடாது, விசிறி இருந்தால் எடுத்து வாருங்கள். தூக்குவாளி வாசலில் இருக்கும், படம் பார்த்துவிட்டு இறங்கும்போது போட்டால் போதும்.